தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

லைசென்ஸ் வச்சிருக்காளாம் தாயி. லைசென்ஸ்! எங்க மருமகன் சொல்லுதாரு, "அத்தை, அவங்க சும்மா பேசுறவங்க இல்ல, முறையா படிச்சு லைசென்ஸ் வாங்கின கவுன்சிலர்"னு. நான் கேட்டேன், "லாரி ஓட்டுறவனும்தான் லைசென்ஸ் வச்சிருக்கான், அவன் ஆள அடிச்சுப் போட்டுட்டுப் போறதில்லயா?"ன்னு.

நீ சாஞ்சு ஒக்காரு, எனக்கு எடம் போதும். கோயம்புத்தூரா? நானும் அங்கதான். சங்கரன்கோவில்ல ஏறினேன். அங்க வந்து சண்முகத்தாய் டெய்லர்னு கேட்டுப் பாரு, சின்னப் பிள்ள கூட வீட்டக் காட்டும். பிளவுஸ் தைக்கேன். இன்னைக்கு மூணு கல்யாணத்து பிளவுஸ் மிசின் மேல அப்படியே கெடக்கு. காலையில மருமகன் போன் பண்ணாரு, வலி வந்துட்டுன்னு. போட்டது போட்டபடி கெளம்பிட்டேன். மக ஆசுபத்திரியில இருக்கா. தலப்பிரசவம்.

ஏன் அப்படிப் பாக்க? நீ கேக்க நினைக்கிறது எனக்குத் தெரியுது. தலப்பிரசவம்னா பெத்தவ வீட்டுலதானே, மக ஏன் கோயம்புத்தூர்ல கெடக்கான்னுதானே? தெருவுல எல்லாரும் அதத்தான் கேக்காளுக. பிளவுஸ் அளவு குடுக்க வாரவ கையத் தூக்கிக்கிட்டே கேக்கா, "என்னக்கா, மகள இன்னும் கூட்டிட்டு வரலயா"ன்னு. நான் என்னத்தச் சொல்ல? புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன். ஃபேன மாத்தியிருக்கேன். பழைய வாயில் சேலையெல்லாம் துவைச்சுக் கிழிச்சு, பிள்ளைக்கு மடிச்சு வச்சிருக்கேன். வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டு வரணும்னு கார் கூட சொல்லி வச்சிருந்தேன். வரலைன்னுட்டா. அத அவ வாயால கூட சொல்லல. மருமகன விட்டுச் சொல்ல வச்சா. "அத்தை, அவளுக்கு இப்ப கொஞ்சம் இடைவெளி வேணுமாம்"னு சொன்னாரு.

இடைவெளி! ஒரு தையக்காரிகிட்ட வந்து இடைவெளிங்கா. எம் மகளுக்கு அந்த மாதிரி வார்த்தையெல்லாம் வராது தாயி. அவளுக்குக் கோவம் வந்தா தட்ட நகத்தி வச்சிட்டுப் போயி படுத்துக்கிடுவா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்ச கோவம். இது அந்த லேப்டாப்புக்காரி சொல்லிக் குடுத்த வார்த்தை.

அவ எப்படி வந்து சேந்தான்னா கேக்க? அதையும் சொல்லுதேன். கல்யாணம் முடிஞ்சு கோயம்புத்தூர்ல குடித்தனம் வச்சாக. மருமகன் விசாகன் தங்கமான பையன், கொற சொல்ல முடியாது. இவளுக்கு வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேல. திடீர்னு இவ தூங்க மாட்டேங்கா, சாப்பிட மாட்டேங்கா, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அழுவுதாளாம். ஒரு சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்துட்டு, "நல்லா இல்லயா, நல்லா இல்லயா"ன்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காளாம். நல்லாருக்குன்னு அவரு சொன்னாலும் நம்ப மாட்டாளாம். இதுக்குப் போயி ஆளு வச்சுப் பாப்பாகளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மந்திரிச்ச கயிறு கட்டிவிட்டுருப்பேன். இவரு போன்ல எங்கயோ தேடி, மெட்ராஸ்ல இருக்க ஒருத்தியப் பிடிச்சுட்டாரு. மிருதுளா மேடமாம். வாராவாரம் வியாழக்கெழம சாயங்காலம் லேப்டாப்புல வருவா. இவ உள்ள போயி கதவச் சாத்திக்கிடுவா. பெத்தவ வெளிய நிக்கணும்.

நான் அங்க போயி இருந்தப்பதான் எனக்கு இந்தச் சங்கதியே தெரியும். பணியாரம் சுட்டு எடுத்துட்டுப் போறேன், கதவு சாத்தியிருக்கு. நான் ஒட்டுக் கேக்கல தாயி, எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. பணியாரம் ஆறிரக் கூடாதேன்னு கதவோட சேந்து நின்னேன். காதுல விழுந்துச்சு. விழுறத என்ன செய்ய முடியும்?

உள்ள இவ அழுதுக்கிட்டே சொல்லுதா. "எங்கம்மா என்னய ஒரு தடவ கூட நல்லாருக்கேன்னு சொன்னதில்ல மேடம். ஸ்கூல்ல மொத ரேங்க் வாங்கிட்டு ஓடி வருவேன், மத்த பிள்ளைங்க எல்லாம் பரிச்சைக்கு வரலயாம்பாங்க. கல்யாணத்தன்னைக்கு ஊரே அழகா இருக்கன்னு சொல்லுச்சு. எங்கம்மா கிட்ட வந்து, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கன்னாங்க. நான் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைன்னு சொல்லித்தான் வளத்தாங்க. என்னோட பேரே குப்பை மேடம்."

அந்த மிருதுளா என்ன செய்யணும்? பெரியவளா லட்சணமா, பெத்தவள அப்படிப் பேசக் கூடாதும்மான்னு ஒரு அதட்டு போடணுமா இல்லயா? அவ கேக்கா, "அப்பல்லாம் அந்தக் குட்டிப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?" எந்தக் குட்டிப் பொண்ணுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுல வேற யாரும் இல்ல. அப்புறம் மருமகன் சொன்னாரு, இவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப உள்ளதச் சொல்லுதாகன்னு. சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு அல்லவா தெரியும்? தூக்கி வளத்தவ நான் இங்க நிக்கேன், மெட்ராஸ்காரி கேக்கா.

பேரா? ஆமா, குப்பம்மாள்தான் பேரு. அதுக்கென்ன? இவ காலேஜ் முடிச்ச கையோட கெஜட்ல போட்டு சஹானான்னு மாத்திக்கிட்டா. மருமகன் சஹின்னு கூப்பிடுதாரு. நாக்குல நிக்காத பேரு. எனக்கு அவ குப்பைதான். "ஏட்டி குப்பை"ன்னுதான் கூப்பிடுவேன், கடைசி வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஏன் வச்சேன்னா கேக்க?

நீ வெளியாளு. ஒங்கிட்ட சொன்னா இந்த பஸ்ஸோட போயிரும். இவளுக்கு முன்ன ரெண்டு இருந்துச்சு தாயி. மூத்தது பையன். எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி வாசலுக்குக் கொண்டு வந்தா, தெருவே வேலய விட்டுட்டு வந்து தூக்கும். ராசா கணக்கா இருக்கான் ராசா கணக்கா இருக்கான்னு ஆளாளுக்குச் சொன்னாளுக. நானும் வாயெல்லாம் பல்லா நின்னுக்கிட்டிருந்தேன். நடக்கப் படிக்கல, அதுக்குள்ள போயிட்டான். வயித்துப் போக்குன்னாரு டாக்டர். அவருக்கு என்ன தெரியும். அடுத்தது பொண்ணு. ஒரு கல்யாண வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி கன்னத்தப் பிடிச்சு, "பொம்மை மாதிரி இருக்கே"ன்னா. சொன்னவ கண்ணு பட்டுராம ஒரு நெட்டி முறிச்சிருக்கலாம்ல? முறிக்கல. சாப்பிடப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரியே பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. அதுவும் போச்சு.

மூணாவதா இவ. பெத்த ஒடம்பு காயல எனக்கு. பிள்ளைய மொறத்துல போட்டு, குப்பைமேட்டுல கொண்டு போயி வச்சோம். பக்கத்து வீட்டு மாரியம்மா அத எடுத்துக்கிட்டு வந்து, "யாரோ போட்டுட்டுப் போன குப்பை, தவிட்டுக்குத் தாரேன், வேணுமா?"ன்னு கேட்டா. நான் மடி நெறைய தவிடு கட்டிக்கிட்டு நின்னேன். அவ முந்தியில கொட்டிட்டு வாங்கிக்கிட்டேன். அப்படி வாங்கினது என்னோடது இல்லேன்னு கணக்கு. வேண்டாத குப்பைன்னு கணக்கு. எமன் வந்து பாத்தாலும், இது யாருக்கும் வேண்டாததுன்னு விட்டுட்டுப் போயிருவான். கையில வாங்குனப்ப அது கண்ண முழிச்சு என்னயப் பாத்துச்சு பாரு தாயி... சரி விடு. பாத்தியா, வாயிலிருந்து வரப் பாத்துச்சு. ஆளக் கண்டா எனக்கு வாய் நீண்டு போகுது.

என்னது? அவளுக்குத் தெரியுமாவா? தெரியாது. ரெண்டு இருந்துச்சுன்னே அவளுக்குத் தெரியாது. இவள வாங்கின கையோட அந்தத் தெருவ விட்டே வந்துட்டோம். அவ அப்பா இருந்த வரைக்கும் அவரையும் வாயத் தெறக்க விடல நான்.

சொல்லிட்டா என்னவா? நீயும் அந்த மிருதுளா கூட்டமா? என்ன படிச்சிருக்க நீ? ஏ தாயி, சொல்லிட்டா அவளுக்குத் தெரிஞ்சிராதா, இது பாவலாதான், நம்மள எங்கம்மா உசுரா வச்சிருக்கான்னு? தெரிஞ்சா நிமிந்து நடப்பா. மூஞ்சியில அது வந்துரும். அப்ப எமன் கண்டுபிடிச்சிர மாட்டானா? குப்பைன்னு அவ நம்பணும். அவ நம்புனாத்தான் அவன் நம்புவான். இத்தன வருசம் ஒரு சொல்லு கூட தவறாம காப்பாத்திக் கொண்டு வந்திருக்கேன். முப்பது வயசாகப் போகுது, ஒரு பெரிய காய்ச்சல் வந்ததில்ல அவளுக்கு. அது எப்படின்னு நெனைக்க?

அத வந்து ஒருத்தி, லேப்டாப்புல ஒக்காந்துக்கிட்டு, வியாழக்கெழம வியாழக்கெழம ஒடைக்கா. எங்காதால கேட்டேன். "சஹானா, நீங்க ரொம்ப தைரியமான பொண்ணு. சஹானா, உங்க சிரிப்பு இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு." ஒரு நெட்டி முறிச்சாளா? தூ தூன்னு ஒரு தரம் துப்புனாளா? ஒண்ணும் கெடையாது. சொல்லிட்டு, அடுத்த வாரம் பாப்போம்னு போயிருதா. அங்கன அவ ஏசியில இருப்பா. இங்கன எம் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா லைசென்ஸா வந்து தூக்கும்?

அன்னையிலிருந்து நான் விடல. அவ பேசிட்டு வெளிய வந்ததும் உப்பும் மொளகாயும் சுத்தி அடுப்புல போட்டேன். கேஸ் அடுப்புதான், நெடி வீடு பூரா போயி எல்லாரும் இருமுதாக. இவ மூக்கப் பொத்திக்கிட்டு, "அம்மா, ஏம்மா இப்படிப் பண்ற?"ன்னா. "ஒங்கண்ண ஒருக்க கண்ணாடியில பாருட்டி, எலி புடிச்ச பூனை மாதிரி இருக்கு, அதுக்குத்தான்"னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு அவளுக்கு. சுருங்கட்டும். சுருங்குனாத்தானே நல்லது.

மொளகா மட்டும் போதுமா? அந்த லேப்டாப்பு மேல நடுவுல குட்டியா ஒரு ஓட்டை இருக்கு. அது வழியாத்தான் பாக்காளாம் அவ. மருமகன்தான் காட்டுனாரு, "இதுதான் காமிரா அத்தை, இதுதான் கண்ணு"ன்னு. கண்ணுன்னு அவரே சொல்லுதாரு! கண்ணுன்னா மறைப்பு வேண்டாமா? அடுத்த வியாழக்கெழம, இவ மூஞ்சி கழுவப் போன நேரம், எந்நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்ட எடுத்து அது மேல ஒட்டிட்டேன். கறுப்புப் பொட்டு, சரியா மூடிக்கிட்டு. அங்கன அவளுக்கு ஒரே இருட்டு. இங்கன இவ ஹலோ ஹலோங்கா, எனக்கு உங்க மூஞ்சி தெரியுது மேடம், உங்களுக்கு என்னது தெரியலயாங்கா. அரை மணி நேரம் ஒயரப் பிடுங்கி ஒயரச் சொருவி, கடைசியில பொட்டப் பாத்துட்டா.

பொட்டப் பிச்சு வெரல்ல வச்சுக்கிட்டு வந்து எம் முன்னால நின்னா தாயி. சண்ட போடல. அழுத்தமா நின்னா. "எனக்குன்னு பேச ஒரே ஒரு ஆளு கெடச்சா, அதையும் மூடணுமாம்மா ஒனக்கு?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்ல? "கொழுப்பெடுத்துப் போயி ஊருக்கெல்லாம் ஒப்பாரி வைக்கியே, அதுக்கு மூடுனேன்"னேன். வேற என்ன சொல்ல முடியும் நீயே சொல்லு. ஒன்னயக் காப்பாத்தத்தான் மூடுனேன்னா சொல்ல முடியும்?

வாந்தி வந்துச்சு, உண்டாயிருக்கான்னு தெரிஞ்சுச்சு. எனக்கு அன்னைக்கு இருந்தது சந்தோசமா பயமான்னு எனக்கே தெரியல. நாம ரெண்டு உசுரக் காப்பாத்தணும் இனிமேன்னு கெளம்பி ஊருக்கு வந்துட்டேன், கோயிலுக்கெல்லாம் நேந்துக்கிட்டேன். அஞ்சாம் மாசம் மறுபடியும் போனேன். அப்பத்தான் அது நடந்துச்சு. அதச் சொல்லத்தான் இம்புட்டும் சொல்லுதேன்.

மருமகன் சொன்னாரு, "அத்தை, மேடம் உங்களோடயும் ஒரு தடவ பேசணுங்காங்க, சஹியும் கூட இருப்பா, அவளுக்கு அது ரொம்ப உதவியா இருக்குமாம்." எனக்கு வந்துச்சு பாரு கோவம். வரட்டும், நானும் நாலு கேக்கணும்னு இருந்தேன். தல சீவி, நல்ல சேலை கட்டி, லேப்டாப்பு முன்னால போயி ஒக்காந்தேன். இவ பக்கத்துல, வயித்துல கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. வெளக்கு வைக்கிற நேரம். அதுலயே எனக்கு மனசு சரியில்ல.

லேப்டாப்புல வந்தா மகராசி. கண்ணாடி போட்டுக்கிட்டு, மெதுவாப் பேசுதா. எதச் சொன்னாலும் ம், ம், ம். ஆடு அசை போடுத மாதிரி. "வணக்கம்மா, நீங்க வந்தது எவ்வளவு பெரிய விஷயம்"னு ஆரம்பிச்சா. எனக்கும் ஐஸ் வைக்காளாம். நான் மசியல. அப்புறம் கேக்கா, "அம்மா, சஹானாகிட்ட உங்களுக்குப் பிடிச்ச ஒரே ஒரு விஷயம் சொல்ல முடியுமா? அவங்களப் பாத்துச் சொல்லுங்க."

நெனச்சுப் பாரு தாயி. வயித்துப் பிள்ளக்காரி. வெளக்கு வைக்கிற நேரம். எந்த மடச்சியாவது அந்த நேரத்துல வாயத் தெறந்து நல்லதச் சொல்லுவாளா? இவ என்னய அப்படியே பாக்கா. சின்னதுல ரேங்க் கார்டக் கையில வச்சுக்கிட்டு நிப்பா பாரு, அதே பார்வை. வாய் லேசாத் தெறந்து கெடக்கு அவளுக்கு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. கிட்டத்துல வந்துட்டு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டேன். "என்ன இருக்கு பிடிக்க? மூஞ்சியும் மொகரையும். குப்பை, குப்பையாத்தானே இருக்கும்"னுட்டேன்.

அந்தப் பொம்பள அசரலயே. கோவமும் படல. மெதுவாக் கேக்கா, "அம்மா, நீங்க எதுக்கோ பயப்படுறீங்களா?" எனக்கா பயம்? புருசன் போனப்பறம் ஒத்தையில மிசின மிதிச்சு ஒரு பிள்ளய இஞ்சினீயராக்குனவ நான், எனக்கா பயம்? "நீ பிள்ள பெத்திருக்கியா? பெத்து மண்ணுல வச்சிருக்கியா?"ன்னு கேட்டுட்டேன். வேகத்துல வந்துட்டு. அவ டக்குன்னு நிமிந்து ஒக்காந்தா. ம் போடல. "அம்மா, சஹானாவுக்கு முன்னாடி உங்களுக்கு வேற குழந்தைங்க இருந்தாங்களா?"ன்னா.

யாரு சொன்னா அவளுக்கு? இப்ப உள்ளவுகள்ல ஒரு ஆளுக்குத் தெரியாது. சூனியக்காரி தாயி அவ, நான் சத்தியம் பண்ணுதேன். லைசென்ஸ் அதுக்குத்தான் குடுத்திருப்பாக. இவ சடார்னு எம் பக்கம் திரும்பிட்டா. "அம்மா?"ங்கா. வயித்துல வச்ச கையி அப்படியே இருக்கு. அந்த நேரத்துல, அந்த வயித்துக்கு முன்னால, செத்ததுக பேரச் சொல்லுவேனா? "இல்ல. இவ ஒருத்திதான். இந்த ஒண்ணு போதாதா உசுர வாங்க"ன்னேன். அவ சொல்லுதா, "பரவாயில்லம்மா, இப்ப சொல்லணும்னு இல்ல. உங்களுக்கு எப்ப தோணுதோ, என்கிட்ட தனியா பேசலாம்." உங்கூட பேச வேற ஆளப் பாரும்மான்னு எந்திரிச்சிட்டேன்.

லேப்டாப்ப இவதான் மூடுனா. அப்புறம், "நீ ஊருக்குப் போம்மா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்குப் பெறகுதான் அந்த இடைவெளி. வளைகாப்புக்குக் கூப்பிடல. போன் எடுக்கல. பெத்த மக ஒருத்தி, வயித்துல பிள்ளையோட, ஆத்தா போன எடுக்க மாட்டேங்கா. இத்தனையும் செஞ்சது யாரு? அந்த மிருதுளா. அவ வாறதுக்கு முன்ன எங்களுக்குள்ள ஒரு சண்ட சச்சரவு வந்திருக்குமா? கேட்டுப் பாரு எங்க தெருவுல.

இன்னைக்குக் காலையில மருமகன் இவளுக்குத் தெரியாமத்தான் போன் பண்ணாரு. "அத்தை, வந்துருங்க. வந்து அவகிட்ட ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லிருங்க, எல்லாம் சரியாயிரும். அவ அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா"ன்னாரு. நல்ல பையன். ஒண்ணும் தெரியாது. நான் போறேன், வெளிய பெஞ்சுல ஒக்காந்திருப்பேன். பிள்ளையக் கொண்டு வந்து காட்டுவாகல்ல. ஒருதரம் மடியில வாங்கிட்டேன்னா போதும், அது எம் பொறுப்பு. இடுப்புல தவிடு முடிஞ்சு வச்சிருக்கேன், இந்தா பாரு. அந்த நர்சுகள்ல ஒருத்திகிட்டயாவது கெஞ்சிக் கேட்டு, பிள்ளைய வாங்கி எனக்குத் தரச் சொல்லணும். ஆசுபத்திரியில குப்பைத் தொட்டி இல்லாமயா இருக்கும்.

இது எந்த ஊரு? தாராபுரமா? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?

இரு, போன் அடிக்குது. இத எப்படி எடுக்க, பச்சையத் தள்ளணும்... ஹலோ! மாப்ள! சொல்லுங்க மாப்ள. சத்தமா சொல்லுங்க, பஸ்ஸுல இருக்கேன். என்னது? பொம்பளப் பிள்ளையா! ரெண்டு பேரும் சுகமா? அவ எப்படி இருக்கா? நெசமா சுகமா? ஆத்தா மாரியாத்தா... ம்... ம்... போட்டாவா? அனுப்பியிருக்கீகளா? எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது மாப்ள. பக்கத்துல ஒரு பிள்ள இருக்கா, காட்டச் சொல்லுதேன். தாயி, இவரு போட்டா அனுப்பியிருக்காராம், நீயே தெறந்து வையி. எங்கிட்ட காட்டாத, இன்னும் காட்டாத, நான் பேசிக்கிட்டு இருக்கேன்.

என்ன மாப்ள? அவகிட்ட சொல்லிட்டீகளா, நான் வாறத? என்ன சொன்னா? பேசணுங்காளா? எங்கிட்டயா? குடுங்க. குடுங்க.

ம். நான்தான். சொல்லுட்டி. தொண்ட ஏன் இப்படிக் கம்மிக் கெடக்கு? தண்ணி குடிச்சியா? சரி. ஆமா, போட்டா வந்துட்டு. ஆமா, கையிலதான் இருக்கு.

என்ன கேக்க?

பிள்ள எப்படி இருக்கான்னா கேக்க?

எப்படி இருக்கும். கருங்குரங்குக் குட்டி மாதிரி இருக்கு. குப்பை பெத்தது வேற எப்படி இருக்கும். ...ஏட்டி. ஏட்டி, கேக்குதா? ...ஆமா, தாராபுரம் வந்துட்டேன். ...என்னது? எறங்கவா? ...இங்கயேவா?

வச்சுட்டா தாயி.

எறங்கித் திரும்பிப் போயிரச் சொல்லுதா. அழல. அழுதிருந்தா தெரியும் எனக்கு. "பிள்ளையையும் சொல்ல ஆரம்பிச்சிட்டியாம்மா, வேண்டாம், நீ திரும்பிப் போயிரு"ன்னா. அந்த மிருதுளா சொல்லிக் குடுத்த மாதிரியே மெதுவாச் சொல்லுதா.

சொல்லட்டும். ஏசட்டும். ரெண்டு பேரும் சுகமா இருக்காகல்ல. இனி அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்லிட்டேன்ல.

நீ ஏன் கண்ணத் தொடைக்க? ஏய், வாய மூடு! போட்டாவப் பாத்துக்கிட்டு என்னமோ சொல்ல வாற. சொல்லிராத. நல்லதா ஒரு சொல்லு ஒன் வாயில வந்துச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன். போனக் கவுத்து வையி. எங்கிட்ட திருப்பாத.

ஆமா, நான் பாக்கலதான். இப்பவும் பாக்கல. பாத்திருந்தா அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா?